அளவு நோட்டில் எழுபத்தொரு பேர்

9.12.2023 – ரூ. 5,000
23.12.2023 – ரூ. 15,000
3.2.2024 – ரூ. 40,000
16.3.2024 – ரூ. 1,00,000
27.4.2024 – ரூ. 0

இவை ஒரு சிம் கார்டுக்கு ஒருவன் வைத்த விலைகள். ஐந்தும் சனிக்கிழமைகள், நாள்காட்டியில் சரிபார்த்துவிட்டேன். அந்தக் கார்டை எஸ்தர் வாங்கியது 2012இல். சாலையோரம் குடை நட்டு உட்கார்ந்திருந்தவர்கள் இலவசமாகக் கொடுத்தார்கள். இலவசமாக வந்த பொருளுக்குப் பன்னிரண்டாவது வருடத்தில் ஒரு லட்சம் விலை வருகிறது என்றால், அதில் ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று பொருள். ஒட்டிக்கொண்டிருந்தது எழுபத்தொரு பேர்.

எஸ்தர் கச்சிராயபாளையத்தில் பேருந்து நிறுத்தத்தை ஒட்டித் தையல் கடை வைத்திருப்பவர். வயது நாற்பத்தொன்பது. கல்வராயன் மலைக்குப் போகிற பேருந்து அந்தக் கடை வாசலில்தான் நின்று மூச்சு வாங்கிவிட்டு ஏறும். கள்ளக்குறிச்சியில் பெரிய மனிதர்களின் வாழ்க்கையை எழுத ஆள் இருக்கிறது. அறுபதாம் கல்யாணத்துக்கு அவர்களே காசு கொடுத்து எழுதி, அச்சடித்து, தாம்பூலப் பையில் போட்டுக் கொடுக்கிறார்கள். எஸ்தருக்கு அப்படி யாரும் எழுதப் போவதில்லை. நான் பதிவறையில் முப்பத்து மூன்று வருடம் ஊராருடைய சொத்துக் காகிதங்களைக் காத்தவன். காத்ததற்குச் சம்பளம் வாங்கினேன், இப்போது ஓய்வூதியமும் வாங்குகிறேன். எஸ்தர் எட்டு வருடம் காத்தார். அவருக்கு யாரும் எதுவும் கொடுக்கவில்லை. தேதிகள் எல்லாம் அவருடைய அளவு நோட்டிலிருந்து எடுத்தவை.

18.11.2017 அன்று அவருடைய கடைக்குப் பக்கத்தில் பந்தல் போட்டு ஒரு முகாம் நடந்தது. வங்கிக் கணக்குப் புத்தகத்தோடு கைபேசி எண்ணை இணைக்கிற முகாம். மலைமேல் புங்கவளவு என்கிற குடியிருப்பிலிருந்து ஆணும் பெண்ணுமாக விடியுமுன்னே நடந்து இறங்கி வந்து வரிசையில் நின்றார்கள். முன்னால் நின்றவர் இருசம்மாள். அப்போது அவருக்கு ஐம்பத்தேழு வயது. மேசைக்குப் பின்னால் இருந்தவர் பெயர் எதற்கு. படித்தவர், கழுத்தில் அட்டை தொங்கியது.

"மொபைல் நம்பர் சொல்லும்மா."

"எங்க வளவுல டவரே இல்லீங்களே. போனு வாங்கி இன்னா பண்றது, கோழிக்கா காட்டறது?"

"நம்பர் இல்லன்னா ஃபாரம் வாங்க மாட்டேன். யார் நம்பராவது குடு. கட்டம் காலியா இருக்கக் கூடாது."

பள்ளிச் சீருடை தைத்துக்கொண்டிருந்த எஸ்தர் மிதியை நிறுத்தினார். "என் நம்பரைப் போட்டுக்கங்க சார். அந்தக்கா ஜாக்கெட்டு வாங்க எப்படியும் கீழ வரும். மெசேஜு வந்தா சொல்லிக்கிறேன்."

அதுதான் அவர் செய்த தவறு. அடுத்து நின்றவர் தன் முறை வந்ததும், "அதே நம்பருங்க" என்றார். அதற்கடுத்தவரும் அதே. மாலை நான்கு மணிக்குள் எழுபத்தொரு பேர்: பெண்கள் நாற்பத்து மூன்று, ஆண்கள் இருபத்தெட்டு. ஒரே எண்ணை எழுபத்தொரு முறை தன் கையால் எழுதிய அந்த மனிதருக்கு, ஒரு தடவையாவது பேனா தயங்கியதா என்று கேட்க எனக்கு ஆசை. தயங்கியிருக்காது. அவருக்குக் கொடுத்த வேலை கட்டத்தை நிரப்புவது. நிரப்பினார். அன்று மாலை நூறு சதவீதம் என்று மேலே அறிக்கை போயிருக்கும்.

அன்றிலிருந்து எஸ்தர் கடைக்குச் செய்தி வரத் தொடங்கியது. மலைக்காரர் ஒருவர் வங்கிக் கவுண்டரில் நிற்பார். ஓடிபி இங்கே தையல் கடையில் வந்து விழும். அதற்குப் பத்து நிமிடம்தான் ஆயுள். வங்கிக்கும் கடைக்கும் முந்நூற்று இருபது அடிகள் நடை, நானே எண்ணியிருக்கிறேன். அறுபது வயது ஆள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஆறு எண்களை வாய்க்குள் முணுமுணுத்தபடி சாலையில் ஓடுவதைக் கச்சிராயபாளையத்தார் வேடிக்கை பார்த்துச் சிரித்தார்கள். சிரித்தவர்களில் பட்டதாரிகளும் உண்டு.

யாருக்கு எந்தச் செய்தி என்று பிரிக்க எஸ்தரிடம் ஒரே ஒரு வழி இருந்தது: அளவு நோட்டு. நீளவாக்கில் கட்டிய இருநூறு பக்க நோட்டு. அதில் ஆளுக்கு ஒரு பக்கம் ஏற்கெனவே இருந்தது, ஏனென்றால் அந்த வளவு முழுக்க அவரிடம்தான் தைத்தது. பெண்களுக்கு ஜாக்கெட், ஆண்களுக்குச் சட்டை, கிழவர்களுக்குப் பட்டாப்பட்டி. மார்பு, தோள், கைநீளம், அதற்குக் கீழே கணக்கு எண்ணின் கடைசி நான்கு இலக்கம். அதற்கும் கீழே எந்தத் தேதி, எத்தனை மணிக்கு, எந்த எண், யாரிடம் சொன்னது. பதிவறையில் என்னோடு வேலை பார்த்த யாரும் இவ்வளவு ஒழுங்காக எழுதியதில்லை.

தையற்காரருக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. ஒரு பெண்ணின் அளவை இன்னொரு பெண்ணின் காதில் விழச் சொல்ல மாட்டார். நாடாவை வைப்பார், எழுதுவார், நோட்டை மூடுவார். இருபத்தாறு வருடத்தில் எஸ்தர் எந்த அளவையும் வாய்விட்டுச் சொன்னதில்லை. கள்ளக்குறிச்சி ஜவுளிக்கடையில் போய்ப் பாருங்கள். ஒரு துண்டு வாங்க வந்த கல்லூரிப் பேராசிரியர், பில் போடுகிற பையன் கேட்டான் என்பதற்காகத் தன் கைபேசி எண், பிறந்த நாள், மனைவியின் பிறந்த நாள், திருமண நாள் எல்லாவற்றையும் வரிசையில் நிற்கிறவர்கள் கேட்க உரக்கச் சொல்வார். குலுக்கலில் ஒரு ஹாட்பாக்ஸ் கிடைக்கலாம் என்று நம்பிக்கை. கிடைக்காது. சாயங்காலமே மனை விற்கிறவன் பெயர் சொல்லி அழைப்பான். "என் நம்பர் இவனுக்கு எப்படித் தெரிஞ்சுது" என்று அந்தப் பேராசிரியர் வியப்பார்.

2.6.2021 அன்று எஸ்தர் பட்டன் போனை வைத்துவிட்டு ரூ. 7,499க்குத் தொடுதிரை போன் வாங்கினார். ஜாக்கெட் கழுத்துக்குப் படம் அனுப்ப வேண்டும் என்று வாடிக்கையாளர்கள் நச்சரித்ததால். விற்றவன் எட்டுச் செயலிகளைச் சும்மா போட்டுக் கொடுத்தான். அதில் ஒன்று தமிழ் நாள்காட்டி. ராகுகாலம், எமகண்டம், நல்ல நேரம், பல்லி விழும் பலன்.

எஸ்தர் ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிற கிறிஸ்தவர். ராகுகாலம் அவருக்கு எதற்கு என்று கேட்கலாம். துணி கொடுக்க வருகிறவர்களுக்காக. ராகுகாலத்தில் புதுத்துணியில் கத்திரி வைக்கக் கூடாது என்பார்கள். முகூர்த்த ஜாக்கெட் என்றால் எதிரிலேயே உட்கார்ந்து மணி பார்ப்பார்கள். அந்த நாள்காட்டிதான் இரண்டு வருடம் எழுபத்தொரு பேருடைய செய்திகளை எடுத்துப் படித்துக்கொண்டிருந்தது.

அது தெரியவந்த விதம் இது. 6.3.2023 அன்று ஓர் அழைப்பு.

"ராசு சாருங்களா? சார், உங்களுக்கு ரெண்டு லட்சம் லோன் ரெடியா இருக்கு."

ராசு, இருசம்மாளின் கணவர். 2.9.2020 அன்று இறந்துவிட்டார்.

"அவரு செத்து ரெண்டரை வருசம் ஆவுதுங்க" என்றார் எஸ்தர்.

"அப்படிங்களா மேடம். அப்ப அவரு லோன் வேணாம். இருசம்மாள் மேடம் பேரிலயும் ஒரு ஆஃபர் இருக்கு, சொல்லட்டுங்களா?"

எஸ்தர் துண்டித்தார். ராசு, இருசம்மாள் என்கிற பெயர்கள் அந்த எண்ணோடு சேர்ந்து இருந்தவை இரண்டு இடங்களில்தான்: வங்கி அனுப்புகிற செய்தி, அளவு நோட்டு. நோட்டு மேசை இழுப்பறையில் இருக்கிறது. வங்கியே சொல்லியிருக்குமா என்றும் யோசித்தார். யாரிடமும் போய்க் கத்தவில்லை. முதலில் தன் போனைச் சந்தேகப்படுவது என்று முடிவு செய்தார். இதை அவருடைய வாழ்க்கையின் சிறந்த முடிவு என்று நான் எழுதி வைக்கிறேன்.

அவருடைய தம்பி லாரன்ஸ் கள்ளக்குறிச்சியில் ஒரு பள்ளியில் ஆய்வக உதவியாளர். அவரிடம் சொல்லி, வங்கிச் செய்தி மாதிரியே ஒன்றை அனுப்பச் செய்தார்: அன்புள்ள தங்கக்கிளி, உங்கள் கணக்கில் இவ்வளவு ரூபாய் வரவு. தங்கக்கிளி என்பது எஸ்தர் வளர்க்கிற வெள்ளாடு. அந்தப் பெயர் உலகத்தில் எந்த அலுவலகத்திலும் இல்லை. எட்டாம் நாள் போன் வந்தது.

"தங்கக்கிளி மேடங்களா?"

"ஆமா, இங்கதான் கீது. இன்னா விசயம்?"

"மேடம், உங்களுக்கு ஒன்றரை லட்சம் வரைக்கும் பர்சனல் லோன் அப்ரூவ் ஆயிருக்கு. நீங்க என்ன வேலை பாக்கறீங்க?"

"வேலையெல்லாம் ஒண்ணும் இல்ல, மேயும். மூணு மாசம் முன்னாடி ரெண்டு குட்டி போட்டுது."

"சாரி மேடம், புரியல."

"லோனு பணமாத்தான் குடுப்பீங்களா, தழையா கெடைக்குமா? அதுக்கு வேப்பந்தழைன்னா உசுரு."

அடுத்த நான்கு மாதம் அவர் செய்தது தையல் பிரிக்கிற வேலை. ஒரு சட்டை எங்கே இழுக்கிறது என்று தெரியாவிட்டால் ஒவ்வொரு தையலாகப் பிரித்துப் போட்டுப் பார்ப்பார்கள். ஒரு செயலியை நீக்குவார். லாரன்ஸ் ஒரு புதுப்பெயருக்குச் செய்தி அனுப்புவார். ஆட்டுக்குட்டிகள், கோழிகள் என்று பெயருக்குப் பஞ்சமில்லை. பதினைந்து நாள் காத்திருப்பார். அந்தப் பெயரைக் கேட்டு அழைப்பு வந்தால் நீக்கியது குற்றவாளி அல்ல. அதைத் திரும்பப் போட்டுவிட்டு அடுத்ததை நீக்குவார். டார்ச் நீங்கியது, அழைப்பு வந்தது. விளையாட்டு நீங்கியது, அழைப்பு வந்தது. நாள்காட்டி நீங்கியது, வரவில்லை. நாள்காட்டியைத் திரும்பப் போட்டார். ஒன்பதாம் நாள், கொண்டைச்சேவல் சாருக்கு வாகனக் கடன் கொடுக்க ஒரு பெண் அழைத்தார்.

லாரன்ஸ் படித்தவர், பள்ளியில் கணினிகளுக்கு நடுவே இருப்பவர். அவர் சொன்னது: "போக்கா, எல்லார் போன்லயும்தான் எடுக்கறான். நம்மகிட்ட ஒளிக்க இன்னா இருக்குது?" இந்த வாக்கியத்தை நான் கள்ளக்குறிச்சியில் மட்டும் முப்பது பேரிடம் கேட்டிருக்கிறேன். ஒளிக்க ஒன்றுமில்லாத இந்த முப்பது பேரும் சம்பளம் எவ்வளவு என்று கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறவர்கள்.

எஸ்தர் தம்பிக்குச் சொன்ன பதில்: "என்துன்னா நானும் வுட்டுடுவேன்டா. இது ஊரான் அளவு."

விழுப்புரத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் கட்டற்ற மென்பொருளைப் பற்றிச் சிலர் காசு வாங்காமல் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று லாரன்ஸின் பள்ளி ஆசிரியர் ஒருவர் மூலம் தெரிந்தது. 20.8.2023 அன்று முதல் பூசையை முடித்துக்கொண்டு எஸ்தர் பேருந்து ஏறினார். அங்கே போனை வாங்கிப் பார்த்தவர் இசைவாணி, நிரல் எழுதும் வேலை பார்ப்பவர்.

"இந்தக் காலண்டருக்கு மெசேஜு, காண்டாக்ட்டு, இருக்கிற இடம், எல்லாத்துக்கும் நீங்களே அனுமதி குடுத்திருக்கீங்கக்கா."

"நான் எப்பம்மா குடுத்தேன்?"

"ஒரு பட்டன் வந்திருக்கும். அமுக்கியிருப்பீங்க."

"அமுக்கலன்னா ராவுகாலம் காட்ட மாட்டேன்னுச்சு. ஒரு அம்மா எதுருல துணியோட உக்காந்துகினு இருக்குது. சரி போன்னு அமுக்குனேன்."

"அந்த ஒரு அமுக்குலதான்கா எல்லாம் போச்சு."

இசைவாணி மாற்றுச் செயலிகளைப் போட்டுக் காட்டினார். இணையமே இல்லாமல் ஓடுகிற ஒரு நாள்காட்டி, செய்திகளுக்கு ஒன்று, தமிழில் தட்டெழுத ஒன்று. எஸ்தர் கேட்டது ஒரே கேள்வி.

"இது காசு கேக்காதா?"

"கேக்காதுக்கா."

"அதுவுந்தான் கேக்கல. அப்ப ரெண்டுக்கும் இன்னா வித்தியாசம்?"

"இதோட நிரலைத் திறந்து வெச்சிருக்காங்க. யார் வேணாலும் உள்ள பாக்கலாம். தப்பா எதாவது இருந்தா நாலு பேரு கண்டுபுடிச்சுக் கேப்பாங்க."

எஸ்தர் தன் கைப்பையைத் திருப்பி, உள்பக்கத் தையலை அவருக்குக் காட்டினார். "இப்படித்தான? வெளிய எல்லாரும் அழகாத் தைப்பாங்க. யோக்கியன்னா உள்பக்கத்தைத் திருப்பிக் காட்டுவான்."

கணினி அறிவியலில் பட்டம் வாங்கிய என் உறவினர் ஒருவரிடம் இதையே கேட்டுப் பார்த்தேன். கால் மணி நேரம் ஆங்கிலத்தில் பேசினார். அந்தக் கைப்பைக்குப் பக்கத்தில்கூட அவர் வரவில்லை.

ஊர் திரும்பியதும் எஸ்தர் அந்த சிம்மைத் தொடுதிரை போனிலிருந்து எடுத்து, பழைய பட்டன் போனில் போட்டார். ராகுகாலத்துக்குச் சுவரில் தாள் கிழிக்கிற காலண்டர் மாட்டினார். ஜாக்கெட் படங்களுக்கு வேறு எண், மாற்றுச் செயலிகளோடு. கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். ஆனால் இரண்டு வருடம் ஒழுகிப் போனது போனதுதான். அதை விலைக்கு வாங்கியவர்களில் ஒருவன், ஒரே எண்ணில் எழுபத்தொரு கணக்குகள் தொங்குவதைக் கவனித்திருக்கிறான்.

9.12.2023 அன்று கடைக்கு வந்தவன் பெயர் இளஞ்செழியன். முப்பது வயது இருக்கும், தேய்த்த சட்டை. ஸ்ரீபொன்வளம் அசோசியேட்ஸ் என்று அட்டை கொடுத்தான். அட்டையிலிருந்த முகவரிக்கு நான் பிறகு நேரில் போய்ப் பார்த்தேன். அங்கே மாவு அரைக்கிற கடை இருக்கிறது.

"அக்கா, நீங்களும் நம்ம லைன்தானா?" என்று சிரித்தான். "எழுபது அக்கவுண்ட்டு ஒத்த நம்பர்ல. யாரு சொல்லிக்குடுத்தது? நாங்கல்லாம் பத்து சேக்கறதுக்குள்ள நாக்கு தள்ளுது."

எஸ்தருக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. ஏழைகளுடைய கணக்குகளைச் சேகரித்து, திருட்டுப் பணம் அதன் வழியே போய்வர வாடகைக்கு விடுகிறவன் அவன். எஸ்தரையும் தன்னைப் போல ஒருத்தி என்று எண்ணி, தொழில் மரியாதையோடு வந்திருக்கிறான்.

"நான் தையல்காரிப்பா."

"இருக்கட்டும்கா, எல்லாருக்கும் ஒரு கடை வேணுமில்ல. சிம்மை மட்டும் குடுங்க. அஞ்சாயிரம்."

"ஜாக்கெட்டு தைக்கணும்னா துணியைக் குடு. இல்லன்னா வெளிச்சத்தை மறைக்காத."

அவன் மறுபடி மறுபடி வந்தான். விலை ஏறியதை மேலே கொடுத்திருக்கிறேன். அந்த மாதங்களில் கடைக் கட்டடத்தின் சொந்தக்காரரான கந்தசாமி, முன்பணத்தை நாற்பதாயிரம் ஏற்றிக் கேட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் டீக்கடையும் அவருடையதுதான். நடப்பதெல்லாம் அவர் காதில் விழும்.

"எஸ்தரு, ஒரு லட்சம் சொல்றான். எனக்கு அட்வான்ஸும் ஆச்சு, உனக்கு மிசினும் ஆச்சு. அந்த மலைக்காரனுங்க உனக்கு இன்னா, மாமனா மச்சானா?"

"அளவு குடுத்தவங்க."

"அளவுதான குடுத்தாங்க, ஆஸ்தியா குடுத்தாங்க? மாசாமாசம் அவனுங்க ஓடிபிக்கு நீ ரீசார்ஜு பண்ணிக்கினு இருக்க. வுட்டா நம்பரு தானா செத்துடும்."

"செத்துட்டா கம்பெனிக்காரன் அதே நம்பரை வேற எவனுக்காவது குடுத்துடுவான்ணா. அப்புறம் எழுபத்தொரு பேரும் அவன் கையில. இசைவாணி சொல்லுச்சு."

கந்தசாமி டீயை ஆற்றிக்கொண்டே, "சொல்லும், சொல்லும்" என்றார். மூன்று கட்டடமும் ஒரு நெல் அரவை ஆலையும் வைத்திருப்பவர். தன்னுடைய எல்லா ரகசிய எண்களையும் ஒரே தாளில் எழுதி, சட்டைப்பையில் வைத்து, சட்டையோடு துவைத்தவரும் அவரே.

27.4.2024 அன்று இளஞ்செழியன் பணத்தைப் பற்றிப் பேசவில்லை. "நான் ஒரு கம்ப்ளெயிண்ட் குடுத்தா போதும்கா. எழுபத்தொரு பேரு அக்கவுண்ட்டு ஒரு பொம்பள கையில. மாட்டப்போறது நானில்ல, நீங்க" என்றான். அன்று அதே பேருந்தில் மலைக்கு ஏறி, புங்கவளவில் இறங்கி, டெய்லரம்மா உங்கள் பெயரில் லோன் வாங்குகிறாள், உங்கள் பணத்தையெல்லாம் எடுத்துத் தின்கிறாள் என்று சொல்லிவிட்டு வந்தான்.

சரியாக ஒரு வாரம். 4.5.2024 காலை பேருந்திலிருந்து முப்பத்தெட்டு பேர் இறங்கினார்கள். கந்தசாமி டீக்கடைப் பலகையை இழுத்துப் போட்டு வசதியாக உட்கார்ந்துகொண்டார். முன்னால் நின்றவர் அதே இருசம்மாள்.

"எஸ்தரு, எங்க பேர்ல நீ லோனு வாங்கிக்கினியாமே. மெய்தானா?"

"இல்லக்கா. வர்ற ஒவ்வொரு மெசேஜும் இதுல எழுதிக்கீறேன், பாரு." நோட்டை எடுத்து வைத்தார்.

"எழுதி வெச்சிட்டா ஆச்சா? நாங்க படிச்சவங்களா? நீ இன்னா வேணா எழுதிக்கினு, இன்னா வேணா படிப்ப."

நியாயமான கேள்வி. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு எந்தப் பதிவேடும் கிறுக்கல்தான். முப்பத்து மூன்று வருடத்தில் என்னிடம் இதை யாரும் கேட்டதில்லை. எஸ்தர் இருசம்மாளின் பக்கத்தைத் திருப்பி, அருகே போய், அவர் காதில் மட்டும் விழும்படி எதையோ சொன்னார். பிறகு நாடாவை எடுத்து அவர் கையிலேயே கொடுத்தார்.

இருசம்மாள் நாடாவைத் தன் தோளில் வைத்துக் கைவரை இழுத்தார். எண் தெரியாவிட்டாலும் தையற்கடை நாடாவில் கறுப்புக் கோடு எண்ணத் தெரியும் அவருக்கு. எண்ணினார். இன்னொரு அளவு காதில் சொல்லப்பட்டது. அதையும் இழுத்துப் பார்த்தார்.

"ஏ, என் அளவுதான்டி" என்றார் கூட்டத்தைப் பார்த்து. "அந்தப் பக்கம் என்துதான்."

"அது கீழ எழுதியிருக்கறதும் உன்துதான்கா. கேளு. போன தை மாசம் பதினேழாம் தேதி. கவுண்டர்ல நின்னுகினு ஆளனுப்புன. ஆயிரத்து இருநூறு எடுத்த."

"எடுத்தேன்."

"ஆடியில?"

"எடுக்கல. காலு வீங்கிக் கெடந்தேன்."

"இதுலயும் ஒண்ணும் இல்ல, பாரு. வெறுசாக் கீது."

பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். ஒவ்வொருவர் காதிலும் அவரவர் அளவு. யாருடையதும் அடுத்தவர் காதில் விழவில்லை. ஆண்களும் வெட்கப்பட்டுக்கொண்டு காதைக் கொடுத்தார்கள். ஒரு கிழவர், தன் இடுப்பு நான்கு அங்குலம் குறைந்துபோனதாகத் தெரியவந்து, லோனை மறந்துவிட்டு அதற்காகச் சண்டை போட்டார். மதியம் இரண்டு மணிக்கு முடிந்தது. முப்பத்தாறு பேர் ஒப்புக்கொண்டார்கள். இரண்டு பேர் ஒப்புக்கொள்ளாமல் போனார்கள். அதையும் எஸ்தர் எழுதியிருக்கிறார்.

அன்று அவர் இருசம்மாளிடம் சொன்னது: "இது இனிமே என்கிட்ட இருக்கக் கூடாதுக்கா. நான் யோக்கியமா இருந்தா மட்டும் போதாது. ஒருத்தர் விடாம பிரிச்சுக் குடுத்துடறேன்."

அடுத்த மாதமே புங்கவளவுக்கு மேலே கைபேசிக் கோபுரம் நட்டு இணைப்புக் கொடுத்தார்கள். ஆளுக்கொரு பட்டன் போன், ஆளுக்கொரு எண். வங்கியில் ஒரு நாளைக்கு ஐந்து பேருக்கு மேல் எண் மாற்ற மாட்டோம் என்றார்கள். ஒரே மாலையில் எழுபத்தொரு பேருக்கு ஒரே எண்ணை ஒட்ட முடிந்த நாட்டில், அதைப் பிரிக்க ஒரு நாளைக்கு ஐந்து. ஆதார் முன்னால் வேண்டும், பிறகு அதன் நகல் வேண்டும், பிறகு நகலில் கையெழுத்து வேண்டும், கைநாட்டு என்றால் இரண்டு சாட்சி வேண்டும். தோட்ட வேலைக்குக் கேரளத்துக்குப் போனவர்களுக்காக ஐந்து மாதம் காத்திருக்க வேண்டியிருந்தது. மாற்றம் முடிந்தால் வங்கி ஒரு கடிதம் அனுப்பும். மலைக்குத் தபால் தாமதமாகும் என்று எல்லாருடைய கடிதமும் எஸ்தர் தையல் கடை, மேற்பார்வை என்கிற முகவரிக்கு வந்தது. வந்ததும் அளவு நோட்டில் அந்த ஆளின் நான்கு இலக்கத்தின் மேல் ஒரு கோடு. அளவின் மேல் கோடு இல்லை. ஜாக்கெட் தைக்க வேண்டுமே.

இளஞ்செழியன் கொடுப்பதாகச் சொன்ன புகாரைக் கொடுக்கவில்லை. அவனுடைய எண்ணை நான் அழைத்துப் பார்த்தேன், உபயோகத்தில் இல்லை. வேறு எங்கோ வேறு பெயரில் தேய்த்த சட்டையோடு திரிவான். அவனுக்கு எண்களை விற்ற நாள்காட்டி இன்றும் கிடைக்கிறது. கந்தசாமி போனில் இருக்கிறது. இதுதான் அது என்று அவருக்குக் காட்டினேன். "நல்ல நேரம் கரெக்டா சொல்லுதுங்க" என்றார்.

2025 பொங்கலுக்குள் எழுபது கோடுகள் விழுந்துவிட்டன. மீதி ஒன்று, ராசு. இறந்தவருக்குப் புது எண் கொடுக்க முடியாது. கணக்கை மூட வேண்டும். மூட இறப்புச் சான்று வேண்டும். மலையில் இறந்தவருக்கு யாரும் பதிவு செய்யவில்லை. ஐந்தாவது வருடத்தில் ஓர் இறப்பைப் பதிவு செய்ய எத்தனை கையெழுத்து வேண்டும் என்று எனக்குத் தெரியும்: ஒன்பது. அதில் மூன்றை நான் எழுதிக் கொடுத்த மனுக்கள் வாங்கித் தந்தன. அதுவரை ராசுவுக்கு மட்டும் பதினான்கு கடன் அழைப்புகள் வந்தன. கணக்கில் இருந்தது நானூற்றுப் பன்னிரண்டு ரூபாய்.

11.8.2025 அன்று அந்த சிம்முக்குக் காலம் முடிந்தது. வங்கியில் இன்றைக்கு நாளைக்கு என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். எஸ்தர் மீண்டும் ரீசார்ஜ் செய்யப் புறப்பட்டார்.

கந்தசாமி டீக்கடையிலிருந்தே கேட்டார். "இப்ப யாருக்கு?"

"ராசு அண்ணனுக்கு."

"செத்தவனுக்கா?"

"அவரு பேரைக் கேட்டுத்தான ஜாஸ்தி போனு வருது."

இருபத்தெட்டு நாளைக்குப் பணம் கட்டினார். அதில் இருபத்தைந்து நாள் வீணாயிற்று. ராசுவின் கணக்கு மூடப்பட்டது, அதிலிருந்த கைபேசி எண் நீக்கப்பட்டது என்று வங்கி எழுதிய எழுபத்தொன்றாவது கடிதம் எஸ்தர் கடைக்கு வந்து சேர்ந்தது 14.8.2025.